முன்சக்கரத்தில் ‘டக் டக்’: பாகத்தை மாற்றும் முன் சத்தத்தைப் பிடியுங்கள்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கார் 80,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடுபள்ளங்களில் முன்பக்கம் இடது ஓரத்திலிருந்து ‘டக் டக்’ என்று கேட்கிறது. வேகம் கூடினால் கேட்பதில்லை. நிறுத்தி வைத்த காரில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் சில நேரம் ‘டொங்’ என்று ஒரு சத்தம் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள், அடுத்த மாதம் லிங்க் ராடு (கார் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி) மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல் தண்டை, மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு ரேக்கைத் தொட வேண்டாம். அதில் குறை இருக்கவே முடியாது என்று சொல்ல வரவில்லை, இருக்கலாம். ஆனால் இதுவரை நடந்ததெல்லாம் காரை ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு, ஒரு பாகத்தின் பெயரைச் சொன்னதுதான். அந்தப் பாகத்தில் கை வைத்துச் சத்தத்தை வரவழைத்தும் யாரும் காட்டவில்லை, நிறுத்தியும் காட்டவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்து காட்டாத வரை எந்தப் புதுப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள். சஸ்பென்ஷன் சத்தங்களில் நான் விடாமல் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான்.

காதை நம்பி ஏன் பாகத்தை மாற்றக் கூடாது என்றால், முன்பக்கத்தில் இருக்கும் எல்லாமே ஒரே இரும்புச் சட்டத்தோடு பிணைந்தவை. சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், ரேக் மூன்றும் பெரும்பாலான கார்களில் ஒரே கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டத்தில்) உட்கார்ந்திருக்கும். வலது பக்கம் தட்டினால் சத்தம் அந்தச் சட்டம் வழியாக ஓடி, இடது பக்கக் கதவடியில் கேட்கும். காரின் உள்ளே உட்கார்ந்து ‘இடது’ என்று சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். காது சரியாகச் சொல்வது சத்தம் எப்போது வருகிறது என்பதை. எங்கே என்பதைக் கையால் தேட வேண்டும்.

தேடுவதற்கு முன்னால் பத்து நிமிடத்தில் முடியும் ஒரு காரியம் இருக்கிறது, அதை இன்றைக்கே செய்யுங்கள். ஷாக் மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றியிருப்பார்கள். வீல் நட்டுகள் எல்லாம் சரியாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ரெஞ்ச் போட்டுப் பாருங்கள். லூசான நட்டும் மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்றுதான் சொல்லும். அடுத்து, ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும், லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயிண்டையும் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வழிந்து, உள்ளே துரு தெரிந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அப்படியே வெளியே மடிந்துவிடும். டை ராடு எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. இந்த இரண்டில் ஆட்டம் கண்டுவிட்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.

ஆட்டம் பார்ப்பது எப்படி? சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ கீழே விடாதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து உள்ளும் வெளியும் தள்ளி இழுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்டோ, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட்டின் மேல்முனையோ. பிறகு இடமும் வலமும் கை வைத்து அதே மாதிரி ஆட்டுங்கள். இப்படி மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட் (டை ராடு ரேக்கோடு சேரும் உள்பக்க மூட்டு). எந்த ஜாயிண்ட் என்பதை, வேறொருவர் ஆட்டும்போது ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் காரில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால் சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்ட் மேல் பாரம் இருக்காது, ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேல் உட்காரும் வடிவமாக இருந்தால், சக்கரம் தொங்கினாலும் ஸ்பிரிங் அழுத்தி ஜாயிண்டை இறுக்கமாகவே வைத்திருக்கும். அப்போது ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். இது தெரியாமல் ‘ஜாயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லி அனுப்பிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இவை நன்றாக இருந்தால் நிதானமாகத் தேடலாம். முதலில் ‘டொங்’ சத்தத்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்களுக்குச் சீக்கிரம் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

எர்ல் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர் 1940களில் வடிவமைத்த ஸ்ட்ரட்தான் இன்றைக்குப் பெரும்பாலான சிறிய, நடுத்தரக் கார்களின் முன்பக்கத்தில் இருக்கிறது. அதில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தோடு சேர்ந்து ஷாக்கும் ஸ்பிரிங்கும் முழுசாகச் சுழலும். மேலே காரின் உடம்பு சுழலாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் மவுண்டும் ஒரு தட்டையான பேரிங்கும் இருக்கின்றன. அந்தப் பேரிங் துருப்பிடித்தோ மண் புகுந்தோ இறுகிவிட்டால் ஸ்பிரிங்கின் மேல்முனை சுழல மறுக்கும், கீழ்முனை சுழன்றுகொண்டே இருக்கும். ஸ்பிரிங் முறுக்கேறி, தாங்க முடியாத இடத்தில் ஒரே துள்ளலில் விடுபடும். அதுதான் அந்த ‘டொங்’.

இதை நீங்களே பிடிக்கலாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் சக்கர வளைவுக்குள், டயருக்கு மேலாகக் கையை விட்டு, ஸ்பிரிங்கின் நடுச் சுற்றில் விரல் நுனிகளை மட்டும் பட்டும் படாமல் வையுங்கள். சுற்றுகளுக்கு நடுவே விரலை நுழைக்க வேண்டாம், உள்ளே இருப்பவரிடம் நீங்கள் சொன்னால் மட்டும் திருப்பச் சொல்லிவையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழவழவென்று சுழல்வது விரலில் தெரியும். இறுகியிருந்தால் முதலில் ஸ்பிரிங் அசையாமல் நிற்கும், அப்புறம் லேசாக நடுங்கும், பிறகு சட்டென்று ஒரு துள்ளு. சத்தமும் அதே நொடியில் வரும். முதல்முறை அதை உணர்ந்தபோது கையைச் சட்டென இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இன்னொரு அறிகுறி, திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் திருப்பிய பக்கமே கொஞ்சம் இழுத்துக்கொண்டு நிற்பது.

இதில் உங்கள் விஷயம் ஒன்று என்னை உறுத்துகிறது. ஷாக் இரண்டும் புதிது என்கிறீர்கள். மேல் மவுண்டையும் பேரிங்கையும் மாற்றினார்களா, அல்லது பழையதையே துடைத்துப் போட்டார்களா? பில்லை எடுத்துப் பாருங்கள். பல இடங்களில் ஷாக் மட்டும் புதிதாக வரும், 80,000 கிலோமீட்டர் உழைத்த பேரிங் மறுபடியும் உள்ளே போகும். அத்தோடு, ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும் வேலையில் புதிதாகச் சத்தம் பிறக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஸ்பிரிங்கின் கீழ்முனை, தட்டில் இருக்கும் படியில் சரியாகப் போய் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் திருப்பும்போது நகர்ந்து ‘டொங்’ என்னும். ஸ்ட்ரட்டின் உச்சி நட்டை முறுக்கும்போது உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும். தண்டைப் பிடித்துக்கொண்டு முறுக்காவிட்டால் இறுகியது போலத் தெரியும், இறுகியிருக்காது. அது மேடுபள்ளத்தில் ‘டக் டக்’ என்று தட்டும், சரியாக உங்கள் சத்தம்தான். பானெட்டைத் திறந்து, மவுண்டின் மேலிருக்கும் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, அந்த நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒருவரை அந்த மூலையை அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள். தட்டினால் விரலில் அடிக்கும்.

நட்டு லூசாக இருந்தால் இறுக்கலாம். ஆனால் கார் தரையில் நின்றாலும் சரி, தூக்கியிருந்தாலும் சரி, அந்த நட்டைக் கழற்றும் எண்ணமே வேண்டாம். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அதைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பும், உயிர் போகும் விஷயம்.

ஷாக் மாற்றும்போது பிரேக் ஹோசையும் ஏபிஎஸ் ஒயரையும் ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் சின்ன பிராக்கெட்டைக் கழற்றுவார்கள். அதைத் திரும்ப முறுக்க மறந்திருந்தாலும் சத்தம் வரும். ஒரு டார்ச் விளக்குப் போதும், பார்த்துவிடலாம்.

சரி, ‘டக் டக்’ சத்தத்துக்கு வருவோம். மெதுவான வேகம், சின்ன மேடுகள், வேகம் கூடினால் இல்லை. இதைக் கேட்டதும் எல்லோரும் லிங்க் ராடு என்பார்கள். அதில் தவறில்லை, அடிக்கடி கெடுவது அதுதான். ஆனால் அதைச் சோதிக்கும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஒரு சக்கரம் தொங்கும், மறு சக்கரம் தரையில் நிற்கும். நடுவில் இருக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்கை விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்ந்த லிங்க்கும் அப்போது அசையாது. இரண்டு முன்சக்கரமும் ஒரே உயரத்தில், தரையிலோ அல்லது இரண்டும் தொங்கியபடியோ இருக்கும்போதுதான் லிங்கைப் பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்த்தே பாதி விடை கண்டுபிடிக்கவும் வழி உண்டு. சாலையின் முழு அகலத்துக்கும் இருக்கும் ஒரு வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்படி மெதுவாகப் போங்கள். இரண்டும் சமமாக ஏறும்போது ஸ்டெபிலைசர் பார் தன் புஷ்களுக்குள் (ரப்பர் உறைகளுக்குள்) சும்மா சுழலும், லிங்குக்குப் பெரிய வேலை இல்லை. பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும் மாதிரி ஒரு மேட்டையோ பள்ளத்தையோ பிடியுங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் சத்தம் வந்து, இரண்டும் சேர்ந்து ஏறும்போது வராவிட்டால், லிங்க் அல்லது பாரின் நடுப் புஷ் என்று சந்தேகப்படலாம். இரண்டு விதத்திலும் வந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ், பிரேக் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

இன்னும் உறுதி வேண்டும் என்றால், இரண்டு பக்க லிங்கையும் கழற்றி எதிலும் இடிக்காமல் கட்டிவிட்டு, அதே சாலையில் நடை வேகத்தில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். திருப்பத்தில் கார் வழக்கத்தைவிட அதிகம் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் போய்விட்டால் குற்றவாளி அந்தக் குடும்பத்தில்தான். போகவில்லையென்றால் லிங்க் ராடு என்ற பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். உங்களுக்குப் புது லிங்க் போட்டிருக்கிறார்கள் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். லிங்கின் நட்டை முறுக்கும்போதும் உள்ளே இருக்கும் போல்ட் கூடவே சுற்றும். அதன் நுனியில் இருக்கும் துளையில் ஆலன் கீயைப் போட்டுப் பிடித்துக்கொண்டு முறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்ட புது லிங்க், பழைய லிங்க் போலவே தட்டும்.

பிரேக் பக்கம் என்று சொன்னேன் அல்லவா? அதை நான் பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன். என் முந்தைய காரில் இதே மாதிரி ஒரு சத்தம், கிட்டத்தட்ட ஐந்து மாதம். லிங்க் ராடு இரண்டு தடவை மாறியது, லோயர் ஆர்ம் இரண்டும் மாறின. ஒருநாள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன், கால் பிரேக்கின் மேல் லேசாகப் பட்டுக்கொண்டே இருந்தது. சாலை முழுக்கக் குண்டும் குழியும், சத்தமே இல்லை. காலை எடுத்தேன், ‘டக் டக்’. மறுபடி வைத்தேன், நின்றது. அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடுகளை அழுத்தும் பாகமான காலிப்பரை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினேன். ஐந்து மாதமாகக் கேட்ட அதே சத்தம் என் கைக்குள் கேட்டது. காலிப்பர் நகரும் வழிகாட்டிப் பின்னில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் தேய்ந்து, கிரீஸ் வறண்டு போயிருந்தது. புது ரப்பரும் அதற்கென்றே உள்ள கிரீஸும் போட்டதோடு சரியானது.

ஆகவே இந்தச் சோதனையை லிங்குக்கும் முன்னாலேயே செய்துவிடுங்கள். ஆளில்லாத சாலையில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை வேகம் குறையாத அளவுக்கு மட்டும் லேசாகத் தொட்டபடி அதே மேடுபள்ளத்தில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் காலிப்பர் பின், பேடைப் பிடிக்கும் கிளிப், பேட் இவற்றில் ஒன்று. கொஞ்சம் எச்சரிக்கை: பிரேக் பிடித்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷில் இருக்கும் ஆட்டமும் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றுவிடும், சத்தம் அதனாலும் குறையலாம். அதனால் சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைக் கையால் உலுக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

லோயர் ஆர்ம் புஷ்ஷுக்குத் தனி அடையாளம் உண்டு. நடை வேகத்தில் முன்னே போய்ப் பிரேக், பின்னே வந்து பிரேக் என்று நாலைந்து முறை செய்யுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கனமான ‘டொக்’ வந்தால், ஆர்மின் பின்பக்கத்துப் பெரிய புஷ்ஷைப் பாருங்கள். இதே சத்தத்தை என்ஜின் மவுண்டும் தரும். பிரித்தறிய, பிரேக்கை அழுத்தி மிதித்துக் காரை நகரவிடாமல் வைத்துக்கொண்டு கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுங்கள். கையால் கியர் போடும் காராக இருந்தால் கிளட்ச்சைத் துளியூண்டு விட்டுப் பிடியுங்கள். கார் நகராமலே சத்தம் வந்தால் என்ஜின் மவுண்ட் பக்கம் போங்கள். புஷ்ஷை நேரில் பார்க்கும்போது மேலே தெரியும் மெல்லிய வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம், வயதான ரப்பர் அப்படித்தான் இருக்கும். ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருக்கிறதா, நீண்ட லீவரைக் கொடுத்து நெம்பினால் இடைவெளி திறக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அந்தப் புஷ்ஷுக்குள் எண்ணெய் இருக்கும். சுற்றிலும் கருப்பாகக் கசிந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

இப்போது ரேக். ஒர்க்‌ஷாப்பில் சொன்னதற்கு நியாயம் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கார் தரையில், சக்கரம் நேராக, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ரேக் எண்டின் ரப்பர் பெல்லோஸைக் கையால் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள், உள்ளே தட்டினால் ரேக் எண்ட். அது ரேக்கிலிருந்து தனியாக மாற்றக்கூடிய பாகம். அடுத்து ரேக்கின் உடம்பு கிராஸ் மெம்பரில் அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் போல்ட்டோ ரேக் புஷ்ஷோ. அதுவும் முழு ரேக் மாற்றும் வேலை கிடையாது. பிறகு உள்ளே போய், பெடலுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டு இறங்கும் இடத்தில் உள்ள சிலுவை ஜாயிண்டில் கை வையுங்கள். ‘டிக்’ என்று அங்கே உணர்ந்தால் தேட வேண்டிய இடம் அதுதான். மின்சார பவர் ஸ்டீயரிங்கின் மோட்டார் தண்டிலேயே இருக்கும் கார்களில் அந்த மோட்டார் பல்சக்கரத்தின் தளர்வும் இதே மாதிரி கேட்கும். இவை எதிலும் இல்லாமல், ரேக்கின் பல் இருக்கும் இடத்திலேயே தட்டினால்தான் ரேக்கைச் சொல்ல வேண்டும். அதன் முக்கியமான அடையாளம், கரடுமுரடான சாலையில் சத்தத்தோடு சேர்ந்து ஸ்டீயரிங் வளையத்திலும் சின்னச் சின்ன அடியாக உள்ளங்கைக்குத் தெரிவது. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. அதனால்தான் ரேக் என்று எனக்குத் தோன்றவில்லை.

சில ரேக்குகளில் தளர்வை இறுக்க ஒரு திருகு இருக்கும். ‘கால் சுற்று இறுக்கினால் போதும்’ என்று யாராவது சொன்னால், கம்பெனி சொன்ன அளவு கையில் இல்லாமல் தொட விடாதீர்கள். கூடுதலாக இறுக்கினால் திருப்பத்திலிருந்து ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பி வராது. வேகத்தில் போகும்போது அது சத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்து.

உங்கள் காரில் இல்லாத, ஆனால் இதோடு குழப்பிக்கொள்ளும் சத்தங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங்கை ஒடித்தபடி ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரச் சுழற்சியோடு சேர்ந்து வந்தால் வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட் (என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு), அதன் ரப்பர் உறை கிழிந்து சக்கர வளைவின் உள்ளே கிரீஸ் தெறித்திருக்கும். வேகத்தோடு சேர்ந்து ‘ஊ…’ என்று கூடும் சத்தம் பேரிங்காக இருக்கலாம். இடது பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும், அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். சாலையின் பரப்பு மாறியதும் சத்தமும் மாறினால் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெயில் ஓடும் பவர் ஸ்டீயரிங் திருப்பும்போது முனகினால் எண்ணெய் அளவையும் நுரையையும் பாருங்கள். கடைசி முனையில் பிடிக்கும்போது மட்டும் வரும் ‘ஸ்ஸ்’ சத்தம் இயல்பானது, அங்கேயே நீண்ட நேரம் பிடித்து வைக்காதீர்கள். வெயிலில் ‘கிரீச்’ என்று வந்து மழையில் நனைந்ததும் காணாமல் போவது ரப்பர் புஷ்ஷின் வேலை. சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்து காரை அமுக்கிப் பாருங்கள், எதில் தெளித்ததும் நிற்கிறதோ அதுதான். அதற்குப் பதில் என்ஜின் எண்ணெயையோ துரு நீக்கும் ஸ்பிரேயையோ அடிக்காதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

கையால் எதுவும் பிடிபடவில்லை என்றால், வேறொருவரை நடை வேகத்தில் ஓட்டச் சொல்லி, நீங்கள் சக்கரத்துக்கு நேராக, கொஞ்சம் தள்ளி நடந்து வாருங்கள். உள்ளே இருந்து இடது என்று கேட்டது வெளியே வலது என்று கேட்பது சர்வ சாதாரணம். நல்ல ஒர்க்‌ஷாப்களில் கிளிப் போட்டு நாலைந்து பாகங்களில் மாட்டி, ஓட்டும்போதே ஒவ்வொன்றாகக் கேட்கும் மைக் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள், ஒரு தவறான பாகத்தைவிடச் செலவு குறைவாகத்தான் வரும்.

எதை மாற்ற வேண்டி வந்தாலும், வேலை செய்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. கார் தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழிந்துபோகும். புதிதாகப் போட்ட புஷ் சீக்கிரம் போய்விட்டது என்று பாகத்தைக் குறை சொல்கிற பல நேரங்களில் இதுதான் நடந்திருக்கிறது. டை ராடு எண்ட், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் எதைக் கழற்றினாலும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஷாக் மாற்றிய பிறகு பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.

உங்களுக்கான வரிசை இதுதான்: வீல் நட்டு, ஜாயிண்டுகளின் ஆட்டம், ஸ்பிரிங் மேல் விரல், ஸ்ட்ரட்டின் உச்சி நட்டு, பிராக்கெட், பிரேக்கை லேசாகத் தொட்டு ஓட்டுவது, லிங்க் நட்டு. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். என் ஊகம், இடது ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் அல்லது பேரிங். ‘டக் டக்’, ‘டொங்’ இரண்டுக்கும் சேர்த்துக் காரணமாக இருக்கக்கூடிய இடம் அதுதான். ஆனால் ஊகத்துக்காக நீங்கள் பணம் செலவழிக்க வேண்டாம், விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சொல்லும்போது மறக்காமல் இதையும் எழுதுங்கள்: அந்த ‘டொங்’ ஷாக் மாற்றுவதற்கு முன்பே இருந்ததா, மாற்றிய பிறகு தொடங்கியதா?